கூட்டாமல் வைத்திருந்த வீடு

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பால் கணக்கும் மொய் நோட்டும். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், சொன்னதையே இரண்டு தடவை சொல்லுவேன், சிலதை விட்டும்விடுவேன். மறதி வந்துவிட்டது. எழுதினால் நல்லது என்று சொன்னார்கள், அதனால் எழுதுகிறேன். யார் சொன்னார்கள் என்பது பின்னால் வரும். ஊரில் இருப்பவர்களும், என்னைப் போல வயதான காலத்தில் பிள்ளைகளோடு வெளிநாடு வந்து உட்கார்ந்திருப்பவர்களும் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் இருப்பது ஜெர்மனியில், மகள் சுமதி வீட்டில். எனக்கு அவள் ஒருத்திதான். மூன்றாவது மாடி. படி ஏறி முடித்தால் வீட்டுக் கதவு வரைக்கும் நீளமாக ஒரு நடை. ஜன்னல் கிடையாது, பகலிலும் இருட்டு. ஆனால் ஆள் நுழைந்ததும் கூரையில் விளக்கு தானாக எரியும். சுமதி நுழைந்தால் எரியும், மருமகன் நுழைந்தால் எரியும், எதிர்வீட்டுக்காரர் நாயைப் பிடித்துக்கொண்டு வந்தால் நாயின் மூக்கு உள்ளே வந்ததுமே எரியும். எனக்கு மட்டும் எரியாது. சுவரைத் தடவிக்கொண்டே கதவு வரைக்கும் போய்விடுவேன். "நீங்க குள்ளம், மெதுவா நடக்கறீங்க, கறுப்பு ஸ்வெட்டர் வேற. அதுக்கு உங்களத் தெரியலம்மா" என்று சுமதி சிரிப்பாள். நானும் சிரிப்பேன். காய்கறிக் கடையின் கண்ணாடிக் கதவும் இப்படித்தான். நான் போய் நின்றால் திறக்காது. பின்னால் யாராவது வந்தால் திறக்கும், அவர்களோடு ஒட்டிக்கொண்டு நுழைந்துவிடுவேன். நான் இங்கே வந்துவிட்டேன் என்பதை இந்த ஊர் இன்னும் நம்பவில்லையோ என்று தோன்றும். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போய்விடுவாள் என்று பயம்.

சுமதி வீட்டைச் சுத்தம் செய்ய வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டனூட்டா என்று ஒரு அம்மாள் வருவாள். போலந்து நாட்டுக்காரி, ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம். இந்த வேலை செய்பவர்களை இங்கே புட்ஸ்ஃப்ராவ் என்கிறார்கள். இன்னொருத்தி குனிந்து வேலை செய்யும்போது சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கூச்சம். எழுந்துபோய் ஏதாவது துடைத்தால், 'நைன், நைன்', வேண்டாம் வேண்டாம் என்று கையிலிருந்து துணியைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால் அவள் வந்ததும் நான் பூங்கா வரைக்கும் நடந்துவிட்டு வருவது என்று சுமதி ஏற்பாடு செய்தாள். அதில்தான் கஷ்டமே வந்தது. ஒரு காலை வாசலுக்கு வெளியே வைப்பேன். இன்னொரு கால் உள்ளேதான் இருக்கும். அதற்குள் பின்னால் தூசி உறிஞ்சும் அந்த ஸ்டவுப்சாகர் மிஷின் உறுமத் தொடங்கிவிடும். நான் நடந்து வந்த தடத்தின் மேலேயே அதை இழுத்துக்கொண்டு வருவாள். எனக்குப் பிடரியில் சில்லென்று ஆகிவிடும்.

ஏன் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வீட்டிலிருந்து ஒருவர் பயணம் புறப்பட்டால் நாங்கள் உடனே வீட்டைக் கூட்ட மாட்டோம். போனவர் போய் இறங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் துடைப்பத்தைத் தொடுவோம். ஆள் போன கையோடு கூட்டிக் கழுவுவது ஒரே ஒரு பயணத்துக்குத்தான். என் வீட்டுக்காரரை எடுத்துக்கொண்டு போன அன்று, பெண்கள் நாங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டோம். மேளச் சத்தம் தெருமுனை கூடத் திரும்பவில்லை. எனக்குப் பின்னால் துடைப்பம் சர், சர் என்று விழத் தொடங்கியது. கூட்டியவள் மாதம்மாள், எங்கள் வீட்டில் இருபது வருடமாக வேலை செய்கிறவள். கூட்டி முடித்துத் தண்ணீரை ஊற்றினாள். அவர் கடைசியாக நடந்த இடம், உட்கார்ந்து கஞ்சி குடித்த இடம், எல்லாவற்றின் மேலும் தண்ணீர் ஓடி வாசலுக்குப் போனது. அவள் செய்ய வேண்டியதைத்தான் செய்தாள். ஆனால் அந்தச் சத்தம் என் காதை விட்டு இன்றுவரை இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் எங்கே கிளம்பினாலும் மாதம்மாளிடம் ஒன்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். பென்னாகரத்தில் அண்ணன் வீட்டுக்கு இரண்டு நாள் போனாலும், "நா போயி எறங்கி என் வாயால சொன்ன பொறவு கூட்டு. வேற யாரு சொன்னாலும் கூட்டாத" என்பேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் யார் போனையாவது வாங்கி, "வந்துட்டேன் மாதம்மா, கூட்டு" என்று சொல்லிவிடுவேன். "செரிங்கக்கா" என்பாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு சொல்லை அவளிடம் கொடுத்துவிட்டால் அது வைத்த இடத்திலேயே இருக்கும்.

நான் ஜெர்மனிக்குக் கிளம்பியது ஒரு வைகாசி மாதம். தருமபுரிப் பக்கம் இண்டூரில் எங்கள் வீட்டில் ஒரே அமளி. சுமதிக்குப் பிடிக்குமே என்று ராகி மாவு கட்டிக்கொண்டிருந்தேன். கார் வந்துவிட்டது, நேரமாகிவிட்டது என்று, என்னைக் கூட்டிப்போக வந்திருந்த அவள் கத்த, பையிலிருந்து மாவு கொஞ்சம் உள்ரூம் தரையில் கொட்டி, அதன் மேலேயே என் கால் பட்டுவிட்டது. துடைக்க நேரமில்லை. சாவியை மாதம்மாளிடம் கொடுத்தேன். வியாழக்கிழமை தோறும் வந்து வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போக வேண்டும், சுமதி மாதாமாதம் சம்பளத்தை பேங்கில் போட்டுவிடுவாள் என்று பேச்சு. கார் கதவைப் பிடித்துக்கொண்டு அவளிடம் இன்னும் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது விமானம் ஏறும்போதே எனக்கு ஞாபகம் இல்லை. நாம் ஒன்றை மறந்துவிட்டோம் என்பது மட்டும் செருப்புக்குள் கல் மாதிரி கூடவே வந்தது.

டனூட்டாவிடம் மிஷின் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று பல நாள் நினைத்தேன். பாஷை இல்லை. பொங்கலுக்கு முந்தைய வியாழக்கிழமை அது. வெளியே பனி கொட்டிக் கிடந்தது. வழக்கம் போல ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. மிஷின் உறுமியது. அன்றைக்கு என்னையறியாமல் திரும்பி, உள்ளங்கையைக் காட்டி, "இரு, இன்னும் இல்லை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. டனூட்டா மிஷினை அணைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மிஷினைக் காட்டி, தன் இரண்டு காதையும் பொத்திக் காட்டி, இதுதானா என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். வேறு வழி தெரியாமல் நானும் தலையை ஆட்டினேன். நெஞ்சைத் தட்டி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது போலச் சிரித்தாள். அடுத்த வியாழக்கிழமை அவள் சொந்தக் காசில் ஒரு துடைப்பம் வாங்கி வந்திருந்தாள். நான் காலை வெளியே வைத்தேன். பின்னால் சர், சர் என்று சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால், எனக்கு நல்லது செய்துவிட்ட சந்தோஷத்தில் புன்னகை செய்கிறாள். நான் கீழே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பெஞ்சில் பனி இருந்தது. எனக்குக் குளிரவில்லை.

மாசி மாதம் டனூட்டா வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் வரவில்லை. அந்த ஆறு வாரத்துக்கும் சுமதி சம்பளம் கொடுத்தாள். எனக்கு ஆச்சரியம். "வராத நாளுக்கு எதுக்குடி குடுக்கற?" என்று கேட்டேன். "இங்க அப்படித்தாம்மா. உர்லாப்னு லீவுல போனாலும் குடுக்கணும், ஒடம்பு முடியலன்னாலும் குடுக்கணும். அவளுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றாள். என் வயிற்றில் பிறந்தவள் இப்படிப் பேசுகிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த மாதமே இண்டூரில் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் ஜன்னல் வழியாக எங்கள் வீட்டுக்குள் ஒரு வீடியோ எடுத்து அனுப்பினாள். வீட்டுக்குள் ஒரே தூசி. அதற்குக் கீழே அவள் குரலில், "சுமதி, உங்க வூட்ல ஆளு குடியிருக்குதா பேயி குடியிருக்குதான்னு வந்து பாரு" என்று ஒரு பேச்சு. சுமதி என் எதிரிலேயே மாதம்மாளுக்குப் போன் போட்டாள்.

"மாதம்மாக்கா, வாரா வாரம் வந்தீங்களா இல்லியா?"

"வந்தேனுங்க பாப்பா."

"வந்து கூட்டலியா?"

"கூட்டலீங்க."

"ஏன்?"

"தப்புதாங்க பாப்பா" என்றாள் மாதம்மாள். இனிமேல் பணம் போட மாட்டேன், மிச்சத்தை நேரில் வந்து பேசிக்கொள்கிறேன் என்று சுமதி சொல்லிவிட்டாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய் இன்னும் என்னவோ மெதுவாகப் பேசினாள். அது எனக்குக் கேட்கவில்லை. நானும் என்ன செய்தேன் தெரியுமா? "இப்பிடிப் பண்ணிட்டாளே மாதம்மா" என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அந்த மாதத்திலிருந்து நாலு மாதம் அவளுக்குப் பணம் போகவில்லை.

ஆடி மாதம் சுமதி லீவு போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாள். பெங்களூரில் இறங்கி, கிருஷ்ணகிரி தாண்டி, தருமபுரியில் பென்னாகரம் ரோட்டில் திரும்பும்போது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கோவிந்தம்மாள் மதிற்சுவருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு தயாராக நின்றாள். "என்னா சுமதி, செர்மனில இருந்து வெளக்கமாறு வாங்கியாந்தியா? கூலி வாங்கிட்டுத் தூசி வளத்திருக்கறா மாதம்மா. நல்ல வெளச்சல், வந்து அறுத்துக்க" என்றாள். சுமதி தன்னிடமிருந்த சாவியால் பூட்டைத் திறந்தாள்.

நான் என் கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். நாள்காட்டியில் நான் கிளம்பிய நாள் கிழிக்காமல் இருந்தது. நான் காபி குடித்த டம்ளர் ஜன்னல் கட்டையில் இருந்தது. சீப்பில் என் முடி இருந்தது. எல்லாவற்றின் மேலும் சாம்பல் பூத்த மாதிரி தூசி. தரை முழுக்க அதே தூசி, ஆனால் வாசலில் இருந்து சுவர் ஓரமாகவே சமையலறை வரைக்கும் ஒரு வரிசை கால்தடங்கள். அந்த இடங்களில் மட்டும் சிவப்புச் சிமெண்டு பளபளவென்று தெரிந்தது. ஒரே ஆள் ஒவ்வொரு தடவையும் போன தடவை வைத்த இடத்திலேயே காலை வைத்து, வரும்போதும் அதிலேயே திரும்பி வந்த தடம் அது. தடத்தின் முடிவில் பித்தளைக் குடம். அது மட்டும் புளி போட்டுத் தேய்த்து மின்னியது. வாய் வரைக்கும் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர், நேற்றுப் பிடித்த மாதிரி. நான் மொண்டு குடித்தேன். சில்லென்று இருந்தது. அப்புறம் உள்ரூமை எட்டிப் பார்த்தேன். ராகி மாவில் என் இடது கால், ஐந்து விரலோடு, பதினாலு மாதமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தது. எறும்பு கூட அதைத் தொடவில்லை. அந்தக் காலுக்கு மேலே என்னுடைய மிச்சமும் நின்றுகொண்டிருக்கிறதோ என்று அண்ணாந்து பார்த்துவிட்டேன்.

"இதைப் பூட்டிப் போட்டு என்னம்மா பண்றது? ஒரு வெல பேசிடலாம்" என்றாள் சுமதி.

கார் சத்தம் கேட்டு மாதம்மாள் வந்துவிட்டாள், கக்கத்தில் துடைப்பத்தோடு. படிக்கு வெளியேவே நின்றாள். "எளச்சுட்டீங்கக்கா" என்றாள் என்னிடம். சுமதி மறுபடியும் கேட்டாள். மாதம்மாள் மறுபடியும் தப்புதான் என்றாள். ஏன் என்றால் தரையைப் பார்க்கிறாள். "சரி, சாவியக் குடுத்துட்டுப் போங்க. சாயங்காலம் வூடு பாக்க ஒருத்தர் வர்றாரு. வேலை செய்யாத நாளுக்கெல்லாம் என்னால பணம் தர முடியாது" என்று சொல்லிவிட்டு, சுமதி பால் வாங்கக் கடைக்குப் போனாள். மாதம்மாள் சாவியை முந்தானையிலிருந்து அவிழ்த்தாள், ஆனால் என் கையில் கொடுக்கவில்லை.

"கூட்டட்டுங்களாக்கா?" என்று கேட்டாள்.

"பதினாலு மாசமாக் கூட்டாதவ, இப்ப என்னா என்னக் கேக்கற?"

"நீங்க இன்னும் சொல்லலீங்களே."

"என்னா சொல்லல?"

"வந்துட்டேன், கூட்டுன்னு."

கார் கதவு, அவள் மணிக்கட்டைப் பிடித்த என் கை, "என் வாயால சொன்ன பொறவு" என்று நான் சொன்னது, எல்லாம் அப்போதுதான் திரும்ப வந்தது. செருப்புக்குள் இருந்த கல் அதுதான். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நா போயி எறங்கனது ஊருக்கே தெரியுமே மாதம்மா. சுமதி சொல்லியிருப்பாளே."

"பாப்பா சொல்லுச்சு. கோவிந்தம்மாவும் சொல்லுச்சு. வேற யாரு சொன்னாலும் கூட்டாதன்னுதான நீங்க சொன்னீங்க? நா பாட்டுக்குக் கூட்டி, உங்களுக்கு அங்க ஒண்ணு ஆச்சுன்னா? உங்க வூட்டு அண்ணன் போன அன்னிக்கி நாந்தான கூட்டனேன். அந்தக் கையிங்க இது." துடைப்பத்தைக் கை மாற்றிக்கொண்டு சொன்னாள்: "பொங்கலுக்கு மட்டும் மனசு கேக்கல. ஊரே வெள்ளையடிக்குது, இது மட்டும் இப்பிடிக் கெடக்குதேன்னு வெளக்கமாத்தக் கையில எடுத்தேனுங்க. உள்ரூம்ல இருந்து உங்க கொரலு வந்துச்சு. இரு, இன்னும் இல்லைன்னு. தூக்கிப் போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

அது வியாழக்கிழமை மத்தியானம், இரண்டு இரண்டரை இருக்கும் என்றாள். பனிக்காலத்தில் ஜெர்மனிக்கும் நம் ஊருக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம் என்று சுமதி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

"இதையெல்லாம் சுமதிகிட்ட ஏன் சொல்லல? நாலு மாசக் காசு போச்சே உனக்கு" என்றேன். "பாப்பா அன்னிக்கிப் போன்ல என்னிய கேட்டுச்சுங்க, அம்மா முன்ன மாதிரி இருக்காங்களா, மறக்கறாங்களான்னு. மறந்தா இனிமே தனியா ஊருக்கு வுட முடியாது, வூட்டை வித்துடணும்னு சொல்லுச்சு. நா எப்பிடிங்க சொல்றது, அக்காதான் மறந்துட்டாங்கன்னு?" என்றாள். அவள் கடைசி மகன் கல்யாணத்துக்கு வாங்கிய கடனை இந்தச் சம்பளத்தில்தான் அடைத்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"வந்துட்டேன் மாதம்மா, கூட்டு" என்று சொன்னேன். அவள் கூட்டினாள். உள்ரூமுக்கு வந்ததும் மாவுக்காலின் முன்னால் நின்று என்னைப் பார்த்தாள். "அதையுந்தான்" என்றேன். என் கால் விரல் விரலாக முறத்தில் ஏறியதைப் பார்த்தேன்.

மத்தியானம் ஓட்டலில் இருந்து பொட்டலம் சாப்பாடு. சுமதி பிரித்துப் போட்டாள். நாலு மணிக்கு வீடு பார்க்க ஆள் வரப்போகிறார். நான் வாயைத் திறந்தால் வீடு நிச்சயமாகப் போகும், இனிமேல் என் இஷ்டத்துக்கு ஒரு பஸ் ஏற முடியாது. திறக்காவிட்டால் மாதம்மாள் வேலை செய்யாமல் கூலி வாங்கியவளாகவே ஊரில் நிற்பாள். சின்ன வயதில் இருந்தே எனக்கு யார் முன்னாலும் பேச்சு வராது. மகள் முன்னாலும் அப்படித்தான்.

"மாதம்மாளுக்கு அந்த நாலு மாசத்தையும் குடுத்துரு" என்றேன்.

"எதுக்கும்மா? கூட்டாததுக்கா?"

"டனூட்டா கால் ஒடிஞ்சு படுத்தப்பக் குடுத்தியே."

"அங்க அது சட்டம்மா."

"இங்க சட்டம் நாந்தான் போட்டேன். நா போன் பண்ணாத்தான் கூட்டணும்னு சொல்லிட்டு வந்தேன். போட்டுட்டு, நாந்தான் மறந்துட்டேன்."

சுமதியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. சட்டென்று கோபப்பட்டாள், "அவங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று. பிறகு அவளாகவே அடங்கினாள். "வேற என்னென்னம்மா மறந்தீங்க?" என்று கேட்டாள். மறந்ததை எப்படிச் சொல்வது? அப்புறம் குழந்தையிடம் கேட்கிற மாதிரி, "இன்னைக்கு என்ன கிழமை?" என்றாள். புதன் என்றேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அதில் தெரிந்துகொண்டேன்.

நாலு மணி ஆளை அவள் போன் செய்து வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டைப் பற்றி அடுத்த வருடம் பேசிக்கொள்ளலாம், அதுவரை தன்னோடு வந்து போகலாம் என்றாள். மாதம்மாளைக் கூப்பிட்டு, சுவர் ஓரத்தில் தடம் இருந்த இடத்தைக் காட்டி, "எத்தன தடவக்கா வந்தீங்க?" என்று கேட்டாள். "ஒரு வாரமும் வுடலீங்க. வூட்ல தண்ணி இல்லாம இருக்கக்கூடாதுல்ல" என்றாள் மாதம்மாள். நாலு மாதச் சம்பளத்தையும் சுமதி கையில் வைத்தாள். மாதம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கி முடிந்துகொண்டாள். "கூட்டாததுக்குக் கூலி வாங்கன மொத ஆளு நாந்தானுங்க" என்று சிரித்தாள். மதிற்சுவருக்கு மேலிருந்து கோவிந்தம்மாள், "அப்பிடின்னா எனக்கும் குடு சுமதி, நானுந்தான் உங்க வூட்டக் கூட்டல" என்றாள். ஊருக்கு வந்த பிறகு அப்போதுதான் சுமதி சிரித்தாள்.

ஜெர்மனிக்குத் திரும்புவதற்கு முன்னாலேயே டாக்டரிடம் காட்ட நாள் வாங்கிவிட்டாள். திரும்பியதும் போனோம். கடிகாரம் வரையச் சொன்னார். ஐந்து சாமான் பெயர் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். மூன்று சொன்னேன். தினமும் நடந்ததை எழுதச் சொல்லுங்கள் என்றார். அதுதான் இது. இப்போது பூங்காவுக்குத் தனியாகப் போவதில்லை. டனூட்டா வரும்போதும் சோபாவிலேயே உட்கார்ந்திருக்கிறேன். கூச்சம் அப்படியேதான் இருக்கிறது.

ஊரை விட்டுக் கிளம்பிய அன்று நடந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். மாதம்மாள் கார்ப் பக்கத்தில் வந்து, "இந்தத் தடவ எப்பக்கா கூட்டட்டும்?" என்றாள். "போன் பண்றேன்" என்றேன். சுமதி என் உள்ளங்கையைப் பிடித்து, 'மாதம்மா, கூட்டு' என்று பேனாவால் எழுதிவிட்டாள். விமானத்தில் அந்தக் கையை நான் கழுவவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் இங்கே வந்து இறங்கினோம். வியாழக்கிழமை காலை, டனூட்டா துடைப்பத்தோடு ஹாலில் கூட்டிக்கொண்டிருக்கும்போது, சுமதி போனைப் போட்டு என் காதில் வைத்தாள். கையைப் பார்த்துக்கொண்டே, "வந்துட்டேன் மாதம்மா, கூட்டு" என்றேன். "செரிங்கக்கா" என்றாள். அவள் போனைத் தரையில் வைத்துவிட்டுத் தொடங்கியிருக்க வேண்டும், காதுக்குள் துடைப்பம் சர், சர் என்று கேட்டது. எதிரிலும் அதே சத்தம். எது எந்த ஊர்த் துடைப்பம் என்று பிரிக்க முடியவில்லை. டனூட்டா சோபா பக்கம் வந்து, காலைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டேன். அப்போது காதுக்குள் இருந்த துடைப்பம் மட்டும் நின்றது.

"அக்கா."

"என்னா மாதம்மா?"

"உள்ரூம்ல ஒரு கால்தடம் கெடக்குதுங்க. மாவுல வெச்ச மாதிரி."

"இந்தத் தடவ நா மாவே எடுக்கலியே."

"அதாங்க. கூட்டட்டுங்களா?"

டனூட்டா என் காலுக்குக் கீழே கூட்டிவிட்டு, இறக்கிக்கொள்ளலாம் என்று சிரித்தாள். எனக்கு இறக்கத் தோன்றவில்லை.

"அது மட்டும் இருக்கட்டும்" என்றேன்.

அது மாதம்மாளின் காலாகத்தான் இருக்கும் என்கிறாள் சுமதி. இருக்கலாம். அவளுக்கு இப்போது மாதாமாதம் முழுச் சம்பளம் போகிறது, வந்தாலும் வராவிட்டாலும். கூட்டினாயா என்று யாரும் கேட்பதில்லை. நடையில் இருக்கும் விளக்கு இப்போது சில நாள் எனக்கும் எரிகிறது, சில நாள் எரிவதில்லை. எரிகிற நாளில் நின்று, இரண்டு காலும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.

நான் எழுதியதில் மாதக் கணக்கும் நாலரை மணி நேரக் கணக்கும் பிசகியிருக்கலாம். அந்த வியாழக்கிழமை பொங்கலுக்கு முந்தியதுதானா என்பதையும் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. போன தடவை மாவில் இருந்தது இடது கால், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது அங்கே இருப்பது எந்தக் கால் என்று நான் கேட்க மறந்துவிட்டேன். போனில் கேட்கப் பயமாக இருக்கிறது. இண்டூர்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது மாதம்மாளிடம் சாவி வாங்கி, சுவர் ஓரமாகவே நடந்து போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.